புது மருந்து பொது அடுப்புக்கு வருவது எப்படி?

நூற்றைம்பது பிள்ளைகள் சாப்பிடும் ஒரு சத்துணவுக் கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணி. அரிசி களைந்தாயிற்று, பருப்பு வெந்துகொண்டிருக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் பளபளவென்று ஒரு பெரிய பிரஷர் குக்கரைக் கொண்டுவந்து இறக்குகிறார். "பாதி நேரத்தில் வெந்துவிடும், கேஸ் மிச்சம்" என்கிறார். அமைப்பாளருக்கு மகிழ்ச்சி. சமைக்கிற அக்கா மட்டும் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "நல்ல சாமான்தான் டீச்சர். ஆனா சோறு வெந்ததும் இதை இறக்க ரெண்டு ஆள் வேணும். இங்க நான் ஒருத்திதானே இருக்கேன்? கேஸ்கட் போனா யார் வாங்கித் தருவாங்க?"

வீட்டுக்கு வாங்கிய குக்கர் சரிப்படாவிட்டால் பரணுக்குப் போய்விடும்; நட்டம் நம்மோடு. பொதுச் சமையலறையில் அப்படி முடியாது. அங்கே செலவாகும் காசு எல்லோருடையது. தப்பு நடந்தால் பசியோடு உட்கார்ந்திருப்பது பிள்ளைகள்.

அரசு மருத்துவத்துக்குள் ஒரு புதுத் தடுப்பூசியோ பரிசோதனைக் கருவியோ அறுவை முறையோ நுழையும்போது நடப்பதும் இதுதான். அக்கா கேட்ட மாதிரிக் கேள்விகளை வரிசைப்படுத்தி, விடைகளை ஆதாரத்தோடு தேடுவதற்கு ‘மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீடு’ என்று பெயர். அது இயங்கும் விதத்தைப் புரிந்துகொள்ள நம் பிள்ளைகளின் வாயில் விழுந்த ஐந்து சொட்டு மருந்தைப் பின்தொடர்வோம். ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ‘ரோட்டாவேக்’ என்ற சொட்டு மருந்து அது.

படி 1: தட்டில் மிஞ்சியது என்ன?

பிள்ளைகள் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் நல்ல சமையலர் உடனே புதுப் பாத்திரம் கேட்க மாட்டார். முதலில் தட்டுகளைப் பார்ப்பார். மிஞ்சியது சோறா, காயா? எத்தனை தட்டில்? எந்த வகுப்பில்? குறை எங்கே என்று தெரிந்தால்தான் மருந்து தேட முடியும்.

குழந்தைகள் வயிற்றுப்போக்கால் சாகிறார்கள் என்பது இந்தியாவில் யாருக்கும் புதுச் செய்தி அல்ல. எந்தக் கிருமியால், எத்தனை பேர் என்பதுதான் தெளிவாகத் தெரியாமல் இருந்தது. 2005 இறுதியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மருத்துவமனைகளை இணைத்து ஒரு கண்காணிப்பு வலையை உருவாக்கியது. கடும் வயிற்றுப்போக்கோடு சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மலத்தைச் சோதித்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வகமும் அங்கே பணியாற்றிய ககன்தீப் காங்கும் இந்த வேலையில் முன்னின்றார்கள்.

விடை தெளிவாக வந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்குக் காரணம் ரோட்டா வைரஸ். இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 78,000 குழந்தைகள் இதனால் இறப்பதாகவும், 8.7 லட்சம் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதாகவும் 2014-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

நல்ல தண்ணீரும் கழிப்பறையும் வந்தால் போதாதா என்று கேட்கலாம். அவை கட்டாயம் வேண்டும். ஆனால் சுத்தமான குழாய்த் தண்ணீர் உள்ள பணக்கார நாடுகளிலும், தடுப்பு மருந்து வருவதற்கு முன், ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் இந்த வைரஸ் தொட்டது. ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மாத்திரையும் உயிர் காப்பவை. ஆனால் அவை நோய் வந்த பிறகுதான் வேலை செய்யும். வருமுன் தடுக்க ஒன்று தேவைப்பட்டது. தட்டில் மிஞ்சியது என்ன என்று இப்போது தெரிந்துவிட்டது.

படி 2: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், ஆனால் எந்தப் பானை?

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 1980-களின் நடுவில் டாக்டர் எம்.கே. பான் குழுவினர் ஒன்றைக் கவனித்தார்கள். பச்சிளம் குழந்தைகள் பிரிவில் சில குழந்தைகளின் உடலில் ரோட்டா வைரஸ் இருந்தது. நோயின் அறிகுறி எதுவும் இல்லை. அந்தக் குழந்தைகளுக்குப் பின்னாளில் கடுமையான ரோட்டா நோய் வருவது குறைவாகவும் இருந்தது. இயற்கையே சாதுவாக்கி வைத்திருந்த அந்த வைரஸ் வகைக்கு 116-இ என்று பெயர். அதிலிருந்து ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் உருவாக்கியதுதான் ரோட்டாவேக்.

மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா? குக்கர் கொண்டுவந்தவர் ‘பாதி நேரத்தில் வேகும்’ என்று சொன்னதைச் சோதிக்க நேர்மையான வழி ஒன்றுதான். ஒரே மூட்டை அரிசியைப் பிரிக்க வேண்டும். புதுப் பாத்திரத்தில் ஒரு பங்கு, பழைய பாத்திரத்தில் ஒரு பங்கு. தீயும் தண்ணீரும் சமம். ருசி பார்ப்பவருக்கு எது எந்தப் பாத்திரத்துச் சோறு என்று தெரியக் கூடாது. மருத்துவச் சோதனையில் இதைக் குலுக்கல் முறைச் சோதனை என்கிறோம். தில்லி, புணே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினருக்கு மருந்து, ஒரு பங்கினருக்கு மருந்தில்லாத சொட்டு. யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, பரிசோதித்த மருத்துவருக்கும் தெரியாது. 2014-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளிவந்தது: வாழ்வின் முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை இந்த மருந்து ஏறத்தாழ 56 சதவீதம் குறைத்தது.

‘வெறும் 56 தானா?’ என்று தோன்றும். வசதியான நாடுகளில் வேறு ரோட்டா மருந்துகள் 85 சதவீதத்துக்கு மேல் பலன் தந்திருந்தன. ஆனால் அதே மருந்துகள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏழைக் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டபோது பலன் 50, 60 சதவீத அளவுக்கு இறங்கியது. அடுத்த வீட்டுப் பானைச் சோறு நம் பானைக்குப் பதம் சொல்லாது. நம் தண்ணீர் வேறு, நம் அரிசி வேறு. நம் அடுப்பில் வைத்துப் பார்க்கத்தான் வேலூர் தேவைப்பட்டது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு கூடத்தில் நூறு தட்டில் இரண்டு கொட்டிப்போகிறது. மற்றொன்றில் இருபது கொட்டிப்போகிறது. முதல் கூடத்தில் ஒரு கருவி கொட்டுவதை முழுக்கத் தடுத்தாலும் மிஞ்சுவது இரண்டு தட்டுதான். இரண்டாவது கூடத்தில் பாதியைத் தடுத்தாலே பத்துப் பிள்ளைகளின் வயிறு நிறையும். நோய்ச் சுமை பெரிதாக இருக்கும் நாட்டில் 56 சதவீதம் என்பது ஆயிரக்கணக்கான உயிர்கள்.

படி 3: கணக்கு நோட்டு

சத்துணவில் பிள்ளைகளுக்கு முட்டை தருகிறோம். நாளை யாரோ வந்து, ‘முட்டையோடு ஒரு டம்ளர் பாலும் கொடுங்கள்’ என்று சொன்னால் பால் நல்லதா என்ற கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடலாம். கடினமான கேள்வி அடுத்தது: அந்தக் காசு எங்கிருந்து வரும்? காயிலிருந்தா, கூடத்துக்குக் கூரை போடும் பணத்திலிருந்தா? பொது நிதியில் ஒன்றைச் சேர்க்கும்போது வேறொன்று நகர்கிறது. மதிப்பீட்டின் இதயம் இந்தக் கேள்விதான்.

பாலையும் கூரையையும் எப்படி ஒப்பிடுவது? அரிசியையும் பயறையும் ஒரே படியால் அளப்பதுபோல எல்லாச் சிகிச்சைகளையும் அளக்க ஒரு படி வேண்டும். பொருளாதார வல்லுநர்கள் வைத்திருக்கும் படிக்குப் பெயர் ‘தரம் சேர்த்த ஆயுள் ஆண்டு’. முழு நலத்தோடு வாழும் ஓர் ஆண்டு என்றால் ஒரு படி நிறைந்தது. படுக்கையிலும் வலியிலும் கழியும் ஆண்டு என்றால் படி குறைகிறது. புது மருந்தால் எத்தனை படி கூடுகிறது, ஒவ்வொரு கூடுதல் படிக்கும் எவ்வளவு ரூபாய் ஆகிறது என்று பார்ப்பார்கள். தாய்லாந்து இதற்காக 2007-இல் ‘ஹைடாப்’ என்ற அமைப்பைத் தொடங்கியது. அங்கே ஒரு படிக்கு 1,60,000 பாட் என்ற எல்லையை வைத்துப் பேசுகிறார்கள். பிரிட்டன் 1999-லேயே ‘நைஸ்’ என்ற அமைப்பை உருவாக்கியது. இந்தியாவில் மத்திய சுகாதார ஆய்வுத் துறையின் கீழ் இதற்கான அமைப்பு 2017-இல்தான் வந்தது.

விலை நியாயமாக இருந்தாலும் மொத்தச் செலவு தாங்குமா என்பது தனிக் கேள்வி. ரோட்டாவேக் ஒரு தவணைக்கு ஒரு டாலர் என்று நிறுவனம் அறிவித்திருந்தது. உலகச் சந்தையில் அது மலிவு. ஆனால் அப்போது இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2.6 கோடிக் குழந்தைகள் பிறந்தார்கள். ஆளுக்கு மூன்று தவணை என்றால் 7.8 கோடித் தவணை. இது ஒரு வருடத்தோடு முடிவதில்லை. ஆண்டுதோறும் தொடரும் செலவு.

கணக்கு சில நேரம் ‘பழையதே போதும்’ என்றும் சொல்லும். கண்புரை அறுவைக்கு எந்த லென்ஸ் பொதுத் திட்டத்துக்கு ஏற்றது என்று இந்திய அமைப்பு தன் தொடக்க ஆய்வுகளில் ஒன்றில் பார்த்தது. மடித்துப் பொருத்தும் விலை உயர்ந்த லென்ஸைவிட, சிறு கீறல் அறுவையும் மடிக்க முடியாத சாதாரண லென்ஸும் பொதுச் செலவுக்குப் பொருத்தம் என்று முடிவு வந்தது. அந்தச் சாதாரண லென்ஸை 1992 முதல் மலிவாகச் செய்து காட்டியது மதுரையின் ஆரோலேப் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். விலை இறங்கியதால்தான் ஏழைகளின் கண்ணுக்குள் லென்ஸ் போனது.

கணக்கே கடைசி வார்த்தையும் அல்ல. தாய்லாந்தில் சிறுநீரக நோயாளிகளுக்கான டயாலிசிஸ், படிக் கணக்கில் தேறவில்லை. ஆனாலும் சிகிச்சைச் செலவால் குடும்பங்கள் கடனில் மூழ்குவதைப் பார்த்த அரசு, 2008-இல் அதை இலவசத் திட்டத்தில் சேர்த்தது. வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்றுவழி டயாலிசிஸுக்கு முதலிடம் கொடுத்துச் செலவைக் கட்டுப்படுத்தியது. கணக்கு நோட்டு பாதையைக் காட்டியது. யாரைக் கைவிடக் கூடாது என்பதை மனிதர்கள் தீர்மானித்தார்கள்.

படி 4: சாமான் லிஸ்டில் சேர்ப்பது யார்?

ஒரு பொருள் கடையில் விற்க அனுமதி பெற்றிருப்பது வேறு. அது சத்துணவுக் கூடத்தின் சாமான் லிஸ்டில் ஏறுவது வேறு. மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலர் தரும் உரிமம், ‘இது பாதுகாப்பானது, வேலை செய்கிறது, விற்கலாம்’ என்கிறது. ரோட்டாவேக் அதை 2014 தொடக்கத்தில் பெற்றது. ‘எல்லாக் குழந்தைக்கும் அரசு செலவில் தரலாம்’ என்று சொல்வது தடுப்பூசிக்கான தேசியத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு. மேலே சொன்ன நோய்ச் சுமை, பலன், செலவு எல்லாம் அந்த மேசைக்கு வருகின்றன.

அந்த மேசையில் யார் உட்கார வேண்டும் என்பதற்கு நம் ஊர் வழக்கமே விடை சொல்லும். பாத்திரம் விற்கிறவர், பாத்திரம் வாங்கும் குழுவில் இருக்கக் கூடாது. ஆய்வு செய்தவர்களுக்கு நிறுவனத்தோடு தொடர்பு இருந்தால் அதைத் திறந்து சொல்ல வேண்டும். முடிவுக்கான காரணங்களை எழுதி மக்கள் முன் வைக்க வேண்டும். காரணம் தெரியாத ‘வேண்டும்’ எவ்வளவு ஆபத்தோ, காரணம் தெரியாத ‘வேண்டாம்’ அவ்வளவு ஆபத்து.

படி 5: இறக்கி வைக்க ஆள் உண்டா?

இப்போது சமையல் அக்காவின் கேள்விக்கு வருவோம். மிக நல்ல தொழில்நுட்பங்கள்கூடத் தடுக்கி விழும் இடம் இது. துணி போர்த்தி மூலையில் நிற்கும் இயந்திரத்தை ஏதாவதொரு மருத்துவமனையில் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. வாங்கப் பணம் இருந்தது. இயக்க ஆளும், பழுது பார்க்க ஒப்பந்தமும், மாற்று உதிரியும் இல்லை.

ரோட்டாவேக்கை நீண்ட நாள் சேமிக்க மைனஸ் 20 டிகிரி குளிர் வேண்டியிருந்தது. மாநிலக் கிடங்கில் அதற்கு ஃப்ரீசர் இடம் பார்க்க வேண்டும். அங்கிருந்து மாவட்டம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டி, ஐஸ் பேக் அடுக்கிய கேரியர், கிராமத்துத் துணை சுகாதார நிலையம் என்று ஒரு கண்ணியும் அறுபடாமல் மருந்து போக வேண்டும். ஏற்கெனவே மற்றத் தடுப்பூசிகள் நிறைந்திருக்கும் பெட்டியில் இன்னும் 7.8 கோடித் தவணைக்கு இடம் தேட வேண்டும். குப்பியின் அளவுகூட முக்கியம்: சிறிய குப்பி அதிக இடம் பிடிக்கும், பெரிய குப்பியைத் திறந்தபின் மிச்சம் வீணாகலாம்.

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று கிராம சுகாதார செவிலியர் முன் ஆறு வாரக் குழந்தையோடு ஒரு தாய் உட்கார்கிறார். போலியோவுக்கு இரண்டு சொட்டு. ரோட்டாவுக்கு ஐந்து சொட்டு. இரண்டும் வாயில் விடுவது. எது எத்தனை என்று கை தடுமாறக் கூடாது. ரோட்டாசில் என்ற மற்றொரு இந்திய மருந்து பொடியாக வரும்; கரைத்து 2.5 மில்லி வாயில் ஊற்ற வேண்டும். கவனம் பிசகினால் ஊசியாகப் போட்டுவிடும் அபாயம் உண்டு. இதற்கெல்லாம் பயிற்சி வேண்டும். பதிவேட்டில் புதுக் கட்டம் வேண்டும். தாயின் கையில் இருக்கும் அட்டையில் புது வரி வேண்டும். இந்தச் சின்னச் சின்ன ஏற்பாடுகளே மருந்தைக் குழந்தையின் வாய்வரை கொண்டுசேர்க்கின்றன.

படி 6: முதலில் ஒரு பந்தி

புதுப் பதார்த்தத்தை ஆயிரம் பேர் விருந்தில் முதன்முதலாகப் பரிமாறும் சமையல்காரர் இல்லை. ஒரு பந்தியில் வைத்துப் பார்ப்பார். 2016 மார்ச்சில் ஆந்திரப் பிரதேசம், ஹரியானா, இமாச்சலப் பிரதேசம், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களில் ரோட்டா மருந்து தொடங்கியது. அங்கே கிடைத்த பாடத்தோடு 2017-இல் தமிழ்நாட்டுக்கும் மற்ற சில மாநிலங்களுக்கும் வந்தது. 2019-இல் நாடு முழுவதும் பரவியது. தொடங்கும்போது எல்லா வயதுக் குழந்தைக்கும் தந்துவிடவில்லை. ஆறு வாரத்தில் முதல் தவணைத் தடுப்பூசிக்கு வரும் குழந்தைகளிலிருந்தே ஆரம்பித்தார்கள். ஆறு, பத்து, பதினான்கு வாரம் என்று மூன்று தவணை.

படி 7: பரிமாறிய பிறகு தட்டைப் பார்ப்பது

சமைத்தவர் கை கழுவிவிட்டுப் போய்விட்டால் வேலை முடியவில்லை. சாப்பிட்ட பிள்ளைகளில் யாருக்காவது வயிறு வலித்ததா?

1998-இல் அமெரிக்காவில் ‘ரோட்டாஷீல்ட்’ என்ற முதல் ரோட்டா மருந்துக்கு உரிமம் கிடைத்தது. குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, சிலருக்குக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்ளும் ஆபத்தான நிலை வருவதைக் கண்காணிப்பு அமைப்பு பிடித்தது. சுமார் பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்கு வந்த பாதிப்பு அது. அத்தனை அரிதானதைச் சில ஆயிரம் பேரிடம் நடக்கும் சோதனை காட்டிக்கொடுக்காது. 1999-இல் அந்த மருந்து சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

அந்தப் பாடம் இந்தியாவுக்கும் வந்தது. ரோட்டாவேக் கொடுக்கத் தொடங்கியபோது பல மருத்துவமனைகளில் குடல் செருகல் நோயாளிகளைத் தனியாகக் கண்காணித்தார்கள். மருந்து குடித்த நாட்களை ஒட்டி அபாயம் கூடவில்லை என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம்பிக்கை அறிவிப்பால் வருவதில்லை. இப்படி எண்ணிப் பார்த்து வருவது.

பழையதை வெளியே எடுப்பதும் இந்தப் படியில்தான் வருகிறது. காசநோயை ரத்தத்தில் கண்டுபிடிப்பதாகச் சொன்ன ஒருவகைப் பரிசோதனை நம் ஊர்களில் பரவலாக விற்றது. அது தவறான விடை தருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் எச்சரித்தது. 2012-இல் இந்திய அரசு அதைத் தடை செய்தது. ஓட்டைப் பாத்திரத்தைத் தூக்கி எறியத் தெரியாத சமையலறையில் புதுப் பாத்திரத்துக்கு இடம் இருக்காது.

உவமை நிற்கும் இடம்

சமையலறை உவமை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. சோறு நன்றாக இருந்தால் மதியமே முகத்தில் தெரியும். தடுப்பு மருந்தின் வெற்றியை யாரும் பார்ப்பதில்லை. வராத வயிற்றுப்போக்குக்கு முகம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போகாத குழந்தைக்குப் பதிவேட்டில் பெயர் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத அந்த நன்மையைக் காண எண்ணிக்கை ஒன்றே வழி. அதனால்தான் இந்த ஏழு படிகளும் வேண்டியிருக்கின்றன.

தாமதத்துக்கும் விலை உண்டு என்பதை மறக்கக் கூடாது. 116-இ வைரஸ் தில்லியில் கண்ணில் பட்டதிலிருந்து முதல் நான்கு மாநிலங்களில் மருந்து விழும்வரை சுமார் முப்பது ஆண்டுகள். அந்த இடைவெளியில் இறந்த குழந்தைகளை எண்ணினால் மனம் பதைக்கிறது. மதிப்பீட்டைத் தவிர்ப்பதும் தவறு. அதையே சாக்காக வைத்துக் காலம் கடத்துவதும் தவறு. நல்ல அமைப்பு சரியாகக் கேட்கும், விரைவாக விடை தேடும், விடை கிடைத்ததும் செயல்படும்.

உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் புது இயந்திரம் வருகிறது என்று சொன்னால் மகிழ்ச்சியோடு வரவேற்றுவிட்டு நான்கு கேள்விகள் கேளுங்கள்: இது யாருடைய எந்தத் துன்பத்தைத் தீர்க்கிறது? நம் மாதிரி மக்களிடம் சோதித்தார்களா? இதற்காக எது குறைகிறது? இயக்கவும் பழுது பார்க்கவும் ஆள் இருக்கிறாரா? கேட்க நமக்கு உரிமை இருக்கிறது, அடுப்பு நம்முடையது. வீட்டில் ஆறு வாரக் குழந்தை இருந்தால், வரும் புதன்கிழமை அட்டையோடு போய் அந்த ஐந்து சொட்டையும் தவறாமல் வாங்கிக்கொடுங்கள்.